யெஸ்டி நோட்டில் ஐந்தாவது கட்டம்

பழைய வண்டி ஒன்றைப் பிரித்து மறுபடி ஓடவைக்க எவ்வளவு ஆகும்? மெக்கானிக் ஒரு தொகை சொல்வார். டீக்கடையில் நாலு பேர் நாலு தொகை சொல்வார்கள். கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கும் ஒரு விவசாயி வீட்டில் இதற்கு எழுதிவைத்த பதில் இருக்கிறது. கோடு போட்ட 80 பக்க நோட்டு, 21 மாதக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் மொத்தம் 97,800 ரூபாய் என்று முடிகிறது. அந்தத் தொகையைவிட அந்த வீட்டை அதிகம் யோசிக்க வைத்தது, நோட்டில் பாதியில் சேர்ந்த ஒரு கட்டம்.

வண்டி, அவருடைய அப்பா 1984-ல் மஞ்சள் விற்ற பணத்தில் வாங்கிய யெஸ்டி. மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா கம்பெனியின் தயாரிப்பு. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஜாவாவின் தொழில்நுட்பத்தோடு 1961-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. முதலில் ஜாவா என்ற பெயரில் வந்தது, பிறகு யெஸ்டி ஆனது. 1996-ல் ஆலை மூடப்பட்டது. 250 சி.சி. வகை, டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கியர் லிவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். இந்த விவரம் தெரியாதவர்கள் கிக்கர் எங்கே என்று தேடுவார்கள். விதை மூட்டையும் பால் கேனும் சுமந்த வண்டி, பிறகு மாட்டுக் கொட்டகையின் மூலையில் 14 வருடம் தீவனச் சாக்குக்கு அடியில் கிடந்தது.

இப்போது புதிதாக விற்கும் ஜாவா, யெஸ்டி வண்டிகளின் பாகம் எதுவும் இதற்குப் பொருந்தாது. கம்பெனி மூடி இத்தனை வருடம் ஆன பிறகு சாமான் மூன்று வழியில்தான் கிடைக்கும்: கடைகளில் விற்காமல் தங்கிய பழைய ஸ்டாக், வேறு வண்டியில் கழற்றியது, புதிதாகச் செய்து விற்கிற டூப்ளிகேட். மூன்றுக்கும் விலை வேறு, ஆயுள் வேறு. செலவை முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

நாற்பதாயிரத்தில் தொடங்கியது

மெக்கானிக் சொன்ன மதிப்பு 40,000. அதைச் சொல்லும்போதே அவர் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: "இன்ஜினத் தொறக்காம நாஞ்சொல்றதெல்லாம் ஜோசியமுங்ண்ணா."

தொறந்தபோது தெரிந்தது இது. நின்ற வண்டியில் கிராங்க் பக்கத்து ஆயில் சீல்கள் காய்ந்து இறுகியிருந்தன. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இந்த சீல் போனால் இன்ஜின் காற்று பிடிக்காது. கிளட்ச் பக்கத்து ஆயிலை உள்ளே இழுத்து வெள்ளைப் புகையாகக் கக்கும். சிலிண்டரில் துரு குழி விழுந்திருந்தது. சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ப ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மில்லிமீட்டர் கணக்கில் படிப்படியாகப் போகும். எந்தப் படியில் பிஸ்டன் கிடைக்கிறது என்று பார்த்துக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குத்தான் கடையவேண்டும். முதலில் கடைந்துவிட்டு பிஸ்டனைத் தேடப் போனால், கிடைக்காத அளவில் சிலிண்டர் நிற்கும்.

நோட்டு அன்று தொடங்கியது. தேதி, என்ன வாங்கியது, யாரிடம், எவ்வளவு என்று நாலு கட்டம். டீ, பஸ் டிக்கெட், பார்சல் கூலி, இரண்டு முறை மாற்றிய கேஸ்கெட் எல்லாம் எழுதியிருந்தார். சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, மண்ணெண்ணெய்த் தட்டில் ஒவ்வொரு போல்ட்டாகக் கழுவி, துடைத்து, காபித்தூள் பாட்டிலில் போட்டுப் பெயர் ஒட்டுவார். இருபது வயதிலிருந்து காட்டுக்கும் மாட்டுக்கும் தவிர வேறு எதற்கும் நேரம் ஒதுக்காத மனிதர். அந்த ஒரு மணி நேரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

7 மாதத்தில் 56,800 எழுதியாகிவிட்டது. இன்ஜின் சாமான், டயர், ரிம், ஸ்போக், பெயின்ட், டேங்குக்கும் சைலன்சருக்கும் குரோம் எல்லாம் அதில் அடக்கம். வண்டி இன்னும் ஒருமுறைகூட ஸ்டார்ட் ஆகவில்லை.

ஐந்தாவது கட்டம்

அந்த வீட்டில் பால் கணக்கு அவர் மனைவியின் பொறுப்பு. சொசைட்டியில் ஊற்றும் லிட்டர், சத்துக் குறியீடு, வாரப் பட்டுவாடா எல்லாம் அவருடைய நோட்டில் இருக்கும். மகளின் காலேஜ் ஹாஸ்டல் கட்டணம் அந்தப் பால் பணத்தில்தான் போகிறது. கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்கு 40 நாளில் கெடு என்று தெரிந்தபோது, அவர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, எவ்வளவு போச்சுன்னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கீங்க. எதுலிருந்து போச்சுன்னு ஒரு எடத்துலயும் இல்லீங்களே?"

"எல்லாம் நம்ம பணந்தானே அம்மணி."

"நம்ம பணந்தானுங்க. ஆனா ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு வேலை இருந்துச்சில்லீங்க?"

இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலில் ஐந்தாவது கட்டம் போட்டார்கள். "பணம் எங்கிருந்து?" என்று தலைப்பு. எழுதி முடித்தபோது 56,800 மூன்றாகப் பிரிந்தது. பால் பணம் 23,500. மஞ்சளுக்கு மேலுரத்துக்கும் ஆள் கூலிக்கும் எடுத்து வைத்திருந்தது 14,900. கைமாற்று 18,400.

கைமாற்றைத் தனி வரவாக எழுதியதை மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் விற்றால்தானே திருப்பிக் கொடுக்கப் போகிறோம்? அப்படியானால் அதுவும் காட்டுப் பணம்தான், முன்கூட்டியே எடுத்தது என்பது மட்டும்தான் வித்தியாசம் என்றார். அவரால் மறுத்துப் பேச முடியவில்லை.

அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் சில விஷயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மேலுரம் மூன்று வாரம் தள்ளிப்போனது நோட்டில் எங்கேயும் இல்லை. பெயின்ட்காரருக்குக் கொடுத்த தேதி மட்டும் இருந்தது. அந்த வருடம் மஞ்சள் கொஞ்சம் குறைந்தது. மழையும் சரியில்லை, கிழங்கழுகலும் இருந்தது. எனவே உரம் தாமதமானதால் இவ்வளவு போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தாமதம் தாமதம்தான்.

கூட்டுறவு பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. தாண்டினால் வட்டி சேரும். கையில் இருந்தது போதவில்லை. விலை ஏறட்டும் என்று குடோனில் இருப்பு வைத்திருந்த மஞ்சளில் 5 மூட்டையை எடுத்து, அன்றைய விலைக்கு விற்றுக் கடனின் மிச்சத்தை அடைத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து விலை ஏறியது. அந்த 5 மூட்டையில் கைவிட்டுப் போனது 6,000 ரூபாய் போல. எந்தக் கடையிலும் கொடுக்காத பணம் என்பதால் அது மொத்தத்தில் சேராது. மனைவி மட்டும் அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலில் "மஞ்சள் 6,000" என்று எழுதிவைத்தார். அது இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது.

வண்டிக்குத் தனி டப்பா

வண்டியை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று அன்று ராத்திரி அவரே சொன்னார். மனைவிதான் தடுத்தார். "வண்டி வேண்டாம்னு நான் சொல்லலீங்க. அது சம்பாதிச்சு அது சாப்படட்டும்" என்றார்.

மாடும் ஆடும் தன் தீவனத்தைத் தானே சம்பாதிக்கும் வீட்டில் இது புதிய பேச்சு இல்லை. ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா வண்டிக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் எந்தப் பணம் போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பயிருக்கு, பாலுக்கு, கடனுக்கு, படிப்புக்கு ஒதுக்காத உதிரி வருமானம் மட்டும். தேங்காய் மட்டை விற்றது, வரப்பு மரங்களைக் கவாத்து செய்த விறகு, மோட்டார் வந்த பிறகு சும்மா கிடந்த ஆயில் இன்ஜின், வருடத்துக்கு ஒரு கிடா. டப்பாவில் பணம் இருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் வண்டி எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே நிற்கும்.

இன்னொன்றும் சேர்த்தார்கள். வண்டி வேலையாக அவர் ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போகிற நாளில் காட்டு வேலைக்கு ஆள் வைத்தால், அந்தக் கூலியும் டப்பாவிலிருந்துதான். முதல் 7 மாதத்தில் இப்படிப் போன நாட்களை யாரும் எழுதவில்லை. அதற்குப் பிறகு எழுதியது 9 நாள், நாளுக்கு 600 வீதம் 5,400.

அடுத்த 14 மாதத்தில் டப்பாவுக்கு வந்தது: இரண்டு கிடா 17,000, தேங்காய் மட்டை 13,200, ஆயில் இன்ஜின் 6,500, விறகு 4,300. ஆக 41,000. வண்டிக்குப் போனதும் அதே 41,000. முதல் 7 மாதத்தில் மாதம் 8,000-க்கு மேல் போனது, டப்பா வந்த பிறகு மாதம் 3,000-க்குக் கீழே வந்துவிட்டது.

வேகம் குறைந்ததில் ஒரு லாபமும் இருந்தது. கார்புரேட்டரைப் புதிதாக மாற்றவேண்டும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். டப்பா காலியாக இருந்த இரண்டு மாதத்தில் அதைப் பிரித்து ஊறவைத்து, ஜெட் துவாரங்களைச் சுத்தம் செய்து, மிதவையை மட்டும் மாற்றியதில் அது வேலை செய்தது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அவசரம் இல்லாமல் தேடியபோது, பார்சலில் வரவழைக்க நினைத்திருந்த ஹேண்டில் பாகம் கால் விலைக்குக் கிடைத்தது. அவசரப்படுகிறவருக்குக் கடைக்காரர் சொல்வதே விலை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் செலவு

வண்டி ஓடத் தயாரானபோது வந்தது ஆவணச் செலவு. 40,000 மதிப்பில் இது இல்லவே இல்லை.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டது. இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று உண்டு. புதுப்பிக்காமல் விட்ட காலத்துக்கு மாதக் கணக்கில் தாமதக் கட்டணமும் கேட்கிறார்கள். வண்டி கொட்டகையில்தானே நின்றது என்ற பதில் அங்கே எடுபடாது. பழைய கையெழுத்து ஆர்.சி. புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றால் அதை ஏற்ற ஒரு நடை தனி. அவர் நோட்டில் இந்த வகையில் மட்டும் 9,700.

சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் தெளிவாகத் தெரியவேண்டும். துரு நீக்கும்போது தேய்த்துவிட்டாலோ, பட்டி பூசி மூடிவிட்டாலோ, சோதனையின்போது சிக்கல். பெயின்டிங் பட்டறைக்குக் கொடுக்கும்போதே அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுப்பது நல்லது.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. மூல வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. 1984 வண்டிக்கு அந்த வயது 2034-ல்தான் வரும். காட்டுக்கும் கடைவீதிக்கும் ஓட்ட நினைப்பவருக்கு அது தேவையும் இல்லை.

மொத்தக் கணக்கு

நோட்டின் கடைசிப் பக்கம் இது:

இன்ஜின் சாமான், சிலிண்டர் கடைசல் – 19,400
மெக்கானிக் கூலி – 9,000
வயரிங், டைனமோ, பாயின்ட், பேட்டரி – 8,150
டயர், ட்யூப், ரிம், ஸ்போக், பிரேக் – 11,300
டிங்கரிங், பெயின்டிங் – 12,500
குரோம் – 10,800
சீட், ரப்பர், போல்ட், சில்லறைச் சாமான் – 4,650
ஆவணம், வரி, இன்சூரன்ஸ் – 9,700
பஸ், பார்சல், டீ, சாப்பாடு – 6,900
காட்டு வேலைக்கு வைத்த ஆள் கூலி – 5,400
மொத்தம் – 97,800

மெக்கானிக் சொன்னது தவறு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவர் சொன்னது இன்ஜின், கூலி, டயர், வயரிங். அந்த நாலையும் கூட்டினால் 47,850 வருகிறது. இன்ஜினைத் திறக்காமல் சொன்ன மதிப்புக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. மீதிப் பாதி, வண்டி ஓடுவதற்குத் தேவையில்லாத பளபளப்பு, வண்டி ரோட்டில் போகத் தேவையான காகிதம், வண்டியைச் சுற்றி அலைந்த அலைச்சல். பழைய வண்டிக்கு மதிப்புக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும்தான் கேட்கிறார்கள்.

விற்றால் இந்தப் பணம் வருமா என்று ஊரில் கேட்கிறார்கள். அவர் விற்கப் போவதில்லை, அதனால் விலை கேட்கவும் இல்லை. சாயங்காலம் போல்ட் கழுவிய மணிக்கணக்கான நேரத்துக்கு எந்த விலையிலும் கூலி கிடைக்காது. ஆசைக்குச் செய்கிற வேலை என்றால் அந்தக் கணக்கை எதிர்பார்க்காமல் இருப்பதுதான் சரி.

நோட்டுப் போட நினைப்பவர்களுக்கு

வண்டி எதுவாக இருந்தாலும், அப்பா காலத்து ராஜ்தூத், புல்லட், பழைய டிராக்டர், டி.வி.எஸ். 50 எதுவானாலும், இந்த நோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

முதல் ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய், புதுப்பிக்க முடியுமா, மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டுவிடவேண்டும். ஆவணம் சரியாகாத வண்டிக்குக் குரோம் போட்டுப் பயனில்லை.

இன்ஜினைத் திறந்து அளந்த பிறகு மறுபடி ஒருமுறை மதிப்புக் கேட்கவேண்டும். அதுதான் உண்மையான மதிப்பு. பிரிக்கும்போது ஒவ்வொரு நிலையையும் செல்போனில் படம் எடுத்து வைத்தால், மாட்டும்போது மெக்கானிக்கின் பாதி நேரம் மிச்சம்.

எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டிப் பார்த்து, ஓட்டை அடைத்து, வெல்டிங் வேலை முடித்த பிறகே பெயின்டும் குரோமும். அழகு முதலில் செய்தால், பிறகு இன்ஜினை ஏற்றி இறக்கும்போது விழுகிற கீறலுக்கு இன்னொரு முறை கூலி.

பட்டறைக்கு முன்பணம் கொடுத்தால், எத்தனை சாமான் கொடுத்தோம் என்பதை எண்ணி எழுதி, படம் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவது நல்லது. குரோமுக்குப் போகிற சின்னச் சாமான்கள்தான் அதிகம் தொலைகின்றன.

கடைசியாக, ஐந்தாவது கட்டம். எவ்வளவு என்பதோடு எதிலிருந்து என்பதையும் அன்றன்றே எழுதவேண்டும். கைமாற்று என்று எழுத நேர்ந்தால், அதை எந்தப் பணத்தில் திருப்பப் போகிறோமோ அந்தப் பெயரை எழுதவேண்டும். உரம், பால், கடன், படிப்பு என்ற நாலு சொல்லில் ஏதாவது ஒன்று அந்தக் கட்டத்தில் வந்தால், அன்றைக்கு வண்டி வேலையை நிறுத்திவிடலாம். துரு பிடிக்காமல் கிரீஸ் பூசி வைத்தால் வண்டி காத்திருக்கும். கடன் கெடுவும் மேலுரமும் காத்திருக்காது.

அந்த வீட்டில் நோட்டு இன்னும் மூடப்படவில்லை. பெட்ரோல், அதில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில், பல்பு என்று ஓட்டச் செலவு இப்போது அதில் ஏறுகிறது. அதுவும் டப்பாவிலிருந்துதான். இந்த வருடம் பயிர்க்கடனைக் கெடுவுக்கு 12 நாள் முன்பே கட்டிவிட்டார்கள். மேலுரம் நாள் தவறவில்லை. தேங்காய் வெட்டு தள்ளிப்போனதால் மட்டைப் பணம் வரவில்லை. யெஸ்டி இரண்டு வாரமாகப் பெட்ரோல் இல்லாமல் நிற்கிறது.